உருவம் ஒன்று, எண் வேறு

சாவி என்றால் பூட்டைத் திறக்கும் இரும்புத் துண்டு என்றுதான் நம்மில் பலர் இன்னும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். இன்றைய கார் சாவி அப்படிப்பட்டதன்று. அதற்குள் ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையமே இருக்கிறது. இது தெரியாததால் என் தங்கை வீட்டில் நேர்ந்த வீண் செலவை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தங்கை சிங்கப்பூரில், தோ பாயோ அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கிறாள். அவள் கணவர் வாடகைக்குக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர். ஜப்பானிலிருந்து வந்த கார் அது. சென்ற பள்ளி விடுமுறைக்கு நான் போயிருந்தபோது, இருந்த இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்து போயிற்று.

"இருக்கிற ஒன்றும் போனால் பிழைப்பே நின்றுவிடும் அக்கா" என்று கவலைப்பட்டார் மாப்பிள்ளை. கைபேசியில் தேடி, அதே உருவமும் அதே பொத்தான்களும் கொண்ட சாவியை மலிவாக வரவழைத்தார். மகளின் டியூஷனுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது. சாவி வந்தது, பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் கதவு திறக்கவில்லை.

அருகில் சாவி வெட்டும் சீனப் பெரியவரிடம் போனோம். அவர் இரண்டு சாவிகளையும் ஒரு சிறு கருவியின் மேல் வைத்து அழுத்திக் காட்டினார். பழையதற்கு 315 என்றும் புதியதற்கு 433 என்றும் எண் விழுந்தது. "ரூப்பா சாமா, நொம்போர் தாக் சாமா" என்றார். உருவம் ஒன்று, எண் வேறு!

சிங்கப்பூர் வானொலியைக் கேட்க 96.8 என்ற எண்ணில்தானே வைக்கிறோம்? எண் தவறினால் ஒலி கேட்குமா? அதுவும் இதுவும் மெகாஹெர்ட்ஸ் கணக்குத்தான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்கும் கார்களில் 315ஐ ஒட்டிய எண்ணும், ஐரோப்பியக் கார்களில் 433.92உம் அதிகம் வழங்குகின்றன.

எண் பொருந்தினாலும் போதாது. சாவியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய இரகசிய எண் ஒன்று போகிறது. ஒருமுறை போனது மறுமுறை செல்லாது. திருடன் ஒட்டுக்கேட்டுப் பயனடையாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே புதுச்சாவியைக் காருக்குள் பதிவு செய்தாக வேண்டும். செக்ரோலில் பெயரில்லாத ஆளுக்குப் பிரட்டில் வேலை கொடுப்பார்களா? அதுபோலத்தான்.

பெரியவர் 315 எண்ணுள்ள சாவியைத் தருவித்து, மூன்றாம் நாள் பதிவு செய்து கொடுத்தார். தொலைந்த சாவியின் பதிவையும் நீக்கினார். மாப்பிள்ளையின் முகம் தெளிந்தது. ஆனால் முதற்சாவிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். டியூஷன் கட்டணத்துக்காக அந்த வாரம் இரண்டு இரவுகள் கூடுதலாக ஓட்டினார்.

நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இப்போது பழைய கார் வாங்கி, டவுனில் வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள். பொத்தான் வேலை செய்யாவிட்டால் முதலில் உள்ளிருக்கும் சிறு பேட்டரியை மாற்றிப் பாருங்கள். புதுச்சாவி வாங்குமுன் பழைய சாவியின் எண்ணைக் கடைக்காரரிடம் சோதித்துக் கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டு போங்கள். சில கார்களில், உடன் கொண்டுவராத சாவியின் பதிவு அழிந்துவிடும்.

பழைய கார் வாங்கும்போது இரண்டு சாவியும் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள். ஒரு சாவி மிஞ்சியிருக்கும்போது இன்னொன்று செய்வது எளிது. ஒன்றுமே இல்லாதபோது செலவும் அலைச்சலும் பன்மடங்கு.