மழை, மத்தி, மீனாட்சி

சித்திரை வந்தால் சிங்கப்பூர் வானத்தை நம்பவே முடியாது. காலையில் கொளுத்துகிறது, மூன்று மணிக்கு இடி. நேற்று பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தேக்கா சந்தைக்குள் ஓடினேன்.

"என்ன அண்ணே, வெண்டைக்காய் இந்த விலை?"

"மழைக்கா. மலேசியாவுலேர்ந்து வரத்து கம்மி."

வெயில் அடித்தால் வெயில் என்பார். போனில் அரசு தந்த சிடிசி பற்றுச்சீட்டைத் தேடினேன். மிச்சம் ஒரே ஒரு இரண்டு வெள்ளிச் சீட்டு. வெண்டைக்காயை வைத்துவிட்டு மத்தி வாங்கினேன். எனக்கில்லை, மீனாட்சிக்கு.

மீனாட்சி எங்கள் வீட்டுப் பூனை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 1989 முதல் பூனைக்குத் தடை. 2024 செப்டம்பர் 1ஆம் தேதிதான் விலக்கினார்கள். வீட்டுக்கு இரண்டு வளர்க்கலாம், மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும். அதற்குமுன் ஏழு வருஷம் அவள் எங்கள் வீட்டில் கள்ளக்குடியேறி. (நானும் உடந்தை, ஒப்புக்கொள்கிறேன்.) இப்போது உரிமம் இருக்கிறது, சன்னலுக்கு வலை அடித்தாயிற்று, ராணி மாதிரி உட்கார்ந்து மழை பார்க்கிறாள்.

ஆனால் அழைப்புமணி அடித்தால் இன்னமும் கட்டிலுக்கடியில்தான். நேற்று மத்தி வாசம் வந்தும் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. மணி அடித்தது நான்தான், சாவியை மறந்துவிட்டுப் போயிருந்தேன்.