கோபுரத்தை மறைக்கும் மாடி வீடு

கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரியுமா என்று கேட்டால் இரண்டு பதில் வரும். மாடியில் குடியிருப்பவர் தெரியும் என்பார். டீக்கடை பெஞ்சில் இருக்கும் அண்ணாச்சி, "எங்க தெரியுது? வேப்பமரம்தான் தெரியுது" என்பார். இருவர் சொல்வதும் சரிதான்.

பதினோரு நிலைக் கோபுரம். 192 அடி என்பார்கள். ஏறத்தாழ 59 மீட்டர். பூமி உருண்டை என்பதால் தரையில் நிற்பவருக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். ஆனால் கோபுர உச்சியின் தொடுவானம் 27 கிலோமீட்டர். (உயரத்தை மீட்டரில் வைத்து, வர்க்கமூலம் எடுத்து, 3.57-ஆல் பெருக்கினால் போதும்.) இரண்டையும் கூட்டினால் 31-க்கு மேல் வருகிறது. நமக்கும் கோபுரத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆக, பூமி குறுக்கே நிற்கவில்லை.

குறுக்கே நிற்பது மரம். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் அந்தப் பெரிய கோபுரம் நம் கண்ணில் பிடிக்கும் கோணம் ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு. முழுநிலவே அதைவிடப் பெரிதாகத் தெரியும். அரை கிலோமீட்டர் தள்ளி நாலரை மீட்டருக்கு மேல் வளர்ந்த எந்த மரமும் அதை விழுங்கிவிடும். மாடிக்காரரின் கண் அந்த மரத்துக்கு மேலே இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊருக்குள் போனால் கதை இன்னும் வேடிக்கை. எதிர்ச்சாரியில், ஐந்து மீட்டர் தூரத்தில், ஏழு மீட்டர் உயர மாடி வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டு உச்சி நம் கண்ணுக்கு மேலே சுமார் ஐந்தரை மீட்டர். அதை ஒட்டிப் போகும் பார்வைக்கோடு 45 பாகைக்குச் சற்று மேல் ஏறுகிறது. வடிவொத்த முக்கோணம் போட்டால், அதற்குப் பின்னால் கோபுரம் 60 மீட்டர் தள்ளி இருந்தால்கூட அதன் கலசம் வரை மறைந்துவிடும். ஊருக்கு வெளியே தெரிந்த கோபுரம் சந்நிதிக்குப் பக்கத்துச் சந்தில் தெரியாமல் போவது இதனால்தான். பத்தாம் வகுப்பில் கோபுரத்தின் உயரம் காணச் சொல்லும் கணக்குகளில் எதிர்வீடு வருவதே இல்லை என்பது என் நெடுநாள் குறை.

இந்தத் தொல்லையை நன்றாக அறிந்தவர் வில்லியம் லாம்டன். 1802-இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கினார். முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போகும் முறை அது; ஒரு முனையிலிருந்து அடுத்த முனை தெரிந்தால்தான் முக்கோணம் விழும். நல்லவேளையாக, அங்கிருந்து இது தெரிந்தால் இங்கிருந்து அதுவும் தெரியும். பார்வைக்கோட்டுக்கு ஒருவழிப் பாதை கிடையாது. தென்னையும் வயலுமான சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது? கோயில் உச்சிகளில் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதை நிமிர்த்தினார்.

ஒரு புள்ளியிலிருந்து எல்லாம் தெரியாதென்றால், எத்தனை புள்ளி வேண்டும்? 1973-இல் கணிதவியலாளர் விக்டர் க்ளீ, ஒரு கூடத்தைக் காக்கும் காவலர்களை வைத்து இதைக் கேட்டார். 1975-இல் வாஷெக் குவாடல் பதிலை வெளியிட்டார்: நடுவில் தூணோ சுவரோ இல்லாத கூடத்துக்கு, மூலைகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு காவலர் எப்போதும் போதும். பன்னிரண்டு மூலைக்கு நால்வர்.

கோயிலைச் சுற்றிய நான்கு ரத வீதிகளுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது; நடுவில் கோயிலே இருக்கிறது. ஆனால் வீதிகள் நேராக இருந்தால் கணக்கு அதைவிட எளிது. ஒரு மூலையில் நிற்பவர் இரண்டு வீதிகளைப் பார்ப்பார். எதிர்மூலையில் நிற்பவர் மற்ற இரண்டையும். இருவர் போதும். ஆடிப்பூரத்தன்று மட்டும் இது எடுபடாது: தேர் வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும், பின்னால் மூலையில் இருப்பவருக்கு வடம் பிடிப்பவர்கள் தெரியமாட்டார்கள். அன்றைக்கு மொட்டை மாடிகளுக்குத்தான் கிராக்கி.