முடிக்கப்படாத மதில்: கண்டி வாவியின் கதை

கண்டிக்குக் கடல் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர் அது. ஆனாலும் கரையோர ஊர்களுக்கே உரிய சுகங்கள் அதற்கு வாய்த்திருக்கின்றன: காற்று வாங்கும் நடைபாதை, படகு, பறவைகள், மதிலில் சாய்ந்து கதை பேசும் மாலைப்பொழுது. இவை அனைத்தும் கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் விட்டுச்சென்ற வாவியால் வந்தவை.

கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட இந்த நாயக்கர் குல மன்னன் 1798இல் பதினெட்டு வயதில் அரியணை ஏறினான். புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் தலதா மாளிகைக்கு முன்னால் அன்று இருந்தவை ‘திகொல் வெல’ என்ற வயல்கள். 1807ஐ ஒட்டித் தொடங்கிய பணியில் அந்த வயல்களுக்குக் குறுக்கே அணை எழுந்தது. மலைகளிலிருந்து இறங்கிய ஓடைநீர் தேங்கி வாவியானது. வடிவமைத்தவர் அரசவைச் சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. வாவியைப் பாற்கடலாகவும், கரையில் வளைந்து வளைந்து செல்லும் வெண்மதிலை முகில் கூட்டமாகவும் கற்பனை செய்தார்கள். மதிலில் வரிசையாக அமைந்த முக்கோண மாடங்கள் திருவிழா இரவுகளில் விளக்கேற்றுவதற்கானவை. அத்தனையும் எரிந்து நீரில் பிரதிபலித்தால், மாளிகையும் கோயில்களும் வானத்தில் மிதப்பதுபோலத் தோன்றும்.

அந்த அழகுக்கு விலை கொடுத்தவர்கள் குடிமக்கள். நிலத்துக்கு ஈடாக அரசனுக்குச் செய்ய வேண்டிய ‘இராஜகாரிய’ ஊழியத்தின் பெயரால் அவர்கள் மண் சுமந்தார்கள். பிரித்தானியர் எந்த நேரமும் படையெடுக்கலாம் என்றிருந்த காலத்தில் இப்படியொரு வேலையா என்று முணுமுணுப்பு எழுந்தது. எதிர்த்த தலைவர்கள் வாவித் தரையிலேயே கழுவேற்றப்பட்டதாக ஊர்வழக்கு சொல்கிறது. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே விரிந்துகொண்டிருந்த பிளவை இந்தப் பணி மேலும் ஆழப்படுத்தியது.

1815 பெப்ரவரியில் மெதமகாநுவரவில் அரசன் பிரித்தானியரிடம் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி, மாளிகையை அடுத்த மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தில், கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்ட மன்னன் 1832இல் அங்கேயே இறந்தான். வாவியைச் சுற்றி வர மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். மதிலோ ஏறத்தாழ 630 மீற்றரோடு நின்றுவிட்டது. ஒரு அரசு எந்த இடத்தில் அறுந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கட்டுமானம் கண்டியில் வேறில்லை.

புதிய ஆட்சியாளர்கள் வாவியைத் தங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அரசியர் நீராடிய உல்பன்கேக்கு மேல்தளம் எழுப்பி நூலகமாக்கினார்கள். பிற்பாடு அது பொலிஸ் நிலையமானது. நடுவிலுள்ள சிறு தீவு அவர்களுக்கு வெடிமருந்துக் களஞ்சியமாயிற்று.

இன்று வாவி ஊர்மக்களுடையது. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், பிறகு பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய வான்கள், பகலில் மீன்களுக்குப் பொரி போடும் குடும்பங்கள், தென்கரையிலுள்ள மல்வத்து விகாரைக்குச் செல்லும் பிக்குகள். மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் அடைகின்றன. கரையோரத்தில் கபரகொய்யா என்ற நீர் உடும்பு சாவகாசமாக நீந்துகிறது. ஆடி, ஆவணியில் தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலம் வந்துவிட்டால் ஊரே நகரின் நடுவுக்குத் திரண்டுவிடும்.

யுனெஸ்கோ 1988இல் கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபுரிமையில் மதிலின் சுதையைப் பழுதுபார்ப்பது எளிது. நீரைக் காப்பதுதான் கடினம். சுற்றியுள்ள சரிவுகளில் வீடுகளும் விடுதிகளும் பெருகியதால் மழையோடு மண்ணும் கழிவும் வாவிக்குள் இறங்குகின்றன. 1990களின் இறுதியில் நீலப்பசும்பாசி படர்ந்து நீர் பச்சையாகிப்போனது. மிகைநீர் மெத எல வழியாக நகரைக் கடந்து மகாவலியில் சேர்வதால் இந்த அழுக்கு கண்டியோடு நிற்பதில்லை. எனவே வாவியின் பாதுகாப்பு, கரையிலுள்ள வெண்மதிலில் அல்ல, மேலே சரிவுகளில் ஒவ்வொரு கட்டடத்தின் கழிவுநீரும் எங்கே போகிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.