பெருநாள் துணியும் பிரேக் வேலையும்



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் ஜீப்பின் பிரேக்கைப் பற்றியும் சக்கரத்தைப் பற்றியும் எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் வியக்கக்கூடும். நான் கல்லூரியில் பயின்றதும் வரலாறுதான், இயந்திரவியல் அன்று. ஆயினும் ஜீப் ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்த ஒருவரின் மகன் நான். இந்த ஓராண்டாக எங்கள் வீட்டில் நடந்த ஒரு வழக்கும் அதே ஜீப்பைப் பற்றியது. வளைகுடாவிலிருந்து திரும்பிய பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இதே வழக்கு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஆகவேதான் எழுதத் துணிந்தேன்.

மர்ஹூம் வாப்பா அவர்கள் அம்பாசமுத்திரத்தில் வாடகை ஜீப் ஓட்டினார்கள். மணிமுத்தாறு அணைக்கட்டைக் கடந்து, வனத்துறைச் சாவடியைத் தாண்டி, அருவியை ஒட்டி ஏறும் மலைப்பாதையில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்வருவது அவர்களின் தொழில். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் உண்டாக்கிய தோட்டங்கள் அவை. அரிசி மூட்டை, மருந்து, கருவாடு, கலியாண வீட்டுப் பாத்திரம் ஆகிய எல்லாம் அந்த ஜீப்பில் ஏறியிருக்கின்றன. 2024இல் தோட்ட வேலை நின்று, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் மலையிறங்க நேர்ந்ததைச் செய்தித்தாளில் படித்தபோது, வாப்பா இருந்திருந்தால் எத்தனை வீட்டாரின் பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

1992ஆம் ஆண்டு. எனக்கு வயது பன்னிரண்டு. நோன்புப் பெருநாள் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. கோடை விடுமுறையில் ஒருநாள் வாப்பாவுடன் மாஞ்சோலைக்குப் போக எனக்கு அனுமதி கிடைத்தது. பெருநாளைக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்தேன். ஏறும்போது எல்லாம் நலமே. பிற்பகலில் இறங்கத் தொடங்கினோம். பின்னால் தோட்டத்துப் பெண்கள் நால்வர், ஒரு கைக்குழந்தை, கொய்யாப்பழக் கூடைகள் இரண்டு. பாதி மலை இறங்கியிருப்போம். துணி கருகுவது போன்ற ஒரு வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் வாப்பாவின் வலக்கால் அமிழ்வதைக் கண்டேன். பெடல், தடுப்பாரின்றித் தரைவரை போயிற்று.

வாப்பா கூச்சலிடவில்லை. பெடலை விட்டுவிட்டு விரைவாக இரண்டு மூன்று முறை மிதித்தார்கள். கொஞ்சம் பிடித்துப் பின் கைவிட்டது. கிளட்சை இருமுறை மிதித்து மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினார்கள். எஞ்சின் அலறிற்று. கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தார்கள். அந்தப் பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. நடுவிலுள்ள கியர்ப் பெட்டியின் பின்புறம், பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டையே பிடிக்கும். வெடுக்கென்று இழுத்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும். அவ்வாறு இழுத்தவாறே வண்டியைப் பள்ளத்தாக்குப் பக்கம் விடாமல் மலைப்பக்கத்து ஓடையில் இறக்கி, மண்சுவரில் உரச விட்டார்கள். வண்டி நின்றது.

“ஏல, இறங்கிக் கல்லெடுத்துச் சக்கரத்துக்குக் கொடு” என்றார்கள். கொடுத்தேன். எவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். கொய்யாப்பழங்கள்தாம் பாதை நெடுக உருண்டன. வாப்பா ஒரு பாறையில் அமர்ந்து நெடுநேரம் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்கள்.

அரைமணி நேரம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தால், அது பழையபடி உறுதியாக நின்றது! வாசகர்களே, ஏமாற்று என்பது இதுதான். வண்டி குளிர்ந்தவுடன் குறை மறைந்துவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், “ஒன்றுமில்லையே” என்று சொல்வார்கள். அன்று பெண்களை மேலிருந்து வந்த பேருந்தில் ஏற்றிவிட்டு, நாங்கள் முதல் கியரிலேயே ஊர்ந்து வீடு சேர்ந்தோம்.

அன்றிரவு உம்மாவிடம் வாப்பா சொன்னது என் காதில் விழுந்தது. பிரேக் வேலைக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில்தான் எங்கள் நால்வருக்கும் பெருநாள் துணி எடுத்திருக்கிறார்கள். என் புதுச் சட்டையும் அதில் ஒன்று. அதன் பிறகு அந்தச் சட்டையை நான் விரும்பிப் போட்டதில்லை. ஏனென்று உம்மா கேட்டதுமில்லை.

என்ன நேர்ந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்துகொண்டேன். பிரேக் என்பது வேகத்தை விழுங்குவதில்லை, வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் பிறக்கும் ஆற்றல் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தால், அது 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்குச் சமம். கலியாண வீட்டில் நெய்ச்சோறு ஆக்கும் பெரிய கிடாரத்தை நினைத்துப் பாருங்கள். அத்தனை சூட்டையும் நான்கு இரும்புக் குடங்கள் வாங்கிக் காற்றில் விட வேண்டும்.

டிரம் பிரேக்கில் லைனிங் ஒட்டிய ஷூக்கள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக அழுத்துகின்றன. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழப் போகும். லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழத்துப் பிடிப்பை இழக்கும். இதைவிடக் கொடியது பிரேக் ஆயிலின் நிலை. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை, புதியதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே நாம் மிதிக்கும் மிதி குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகும். குளிர்ந்ததும் ஆவி மீண்டும் நீர்மமாகிப் பெடல் நிமிரும். எங்கள் ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்றுதான் இருந்தது. ஓரிடத்தில் கைவிட்டால் எல்லா இடத்திலும் கைவிடும். பின்னாளில் வந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் இரு பகுதியாகி, ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்குமாறு அமைத்தார்கள். வாப்பாவின் ஜீப்பைக் குறைசொல்ல மாட்டேன். ஆயிலை மாற்றாமல், தேய்ந்த லைனிங்குடன், மூன்றாம் கியரில் பிரேக்கை நம்பி இறங்கியது எங்கள் பிழை.

2011இல் வாப்பா வஃபாத்தானார்கள். ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. பதிவை மட்டும் புதுப்பித்து வந்தோம். ஜித்தாவில் பதினான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டுச் சென்ற ஆண்டு திரும்பிய என் தம்பி, அதை உயிர்ப்பிக்கப் போகிறேன் என்றபோது எங்கள் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஒருநாள் மக்ரிபுக்குப் பின் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அகன்ற அலாய் சக்கரங்கள், 31 அங்குல டயர்கள்.

“எப்படிக் காக்கா இருக்கு?” என்றான்.

“அழகுதான். பிரேக்குக்கு என்ன செய்யப் போறே?” என்றேன்.

“அது பிறகு பாத்துக்கலாம் காக்கா. ஓடுதே இப்ப.”

அந்தப் ‘பிறகு’ என்னும் சொல் எனக்குள் எங்கோ தைத்தது. அவன் பிறந்தது அந்த மலைப்பயணத்துக்குப் பிறகு. பெருநாள் துணிக் கதை அவனுக்குத் தெரியாது. அன்றிரவுதான் சொன்னேன்.

அவன் ஆசையை மூடத்தனம் என்று நான் கருதவில்லை. சவூதியின் மணற்காட்டில் அவன் கண்டது வேறு நிலம். அங்கே காற்றைக் குறைத்த அகன்ற டயர், மணலின் மீது பரந்து மிதந்து செல்லும், குறுகியது புதைந்துபோகும். நம் மலையிலோ பாறையும், சேறும், மழையில் நனைந்த சருகும். மேற்சேற்றைக் கிழித்துக் கீழேயுள்ள உறுதியான தரையைத் தொடுவதற்குக் குறுகிய டயரே உதவும். ஜீப்பை வடித்தவர்கள் அதற்கு ஒல்லியான 16 அங்குலச் சக்கரத்தைக் கொடுத்தது காரணமின்றி அன்று.

உயரத்தின் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். 28 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி 31 அங்குலம் மாட்டினால், ஏறத்தாழ பத்து விழுக்காடு உயரம் கூடுகிறது. சக்கரத்தின் ஆரம் என்பது நெம்புகோலின் நீளம். அது நீள நீள, அதே பிரேக் பிடிக்கும் பிடி தரையில் குறைந்துபோகும். அதாவது புதுச் சக்கரம் மாட்டிய அன்றே, பழைய பிரேக்கில் பத்தில் ஒரு பங்கை நாமே கழற்றி எறிந்தவர்களாகிறோம். கனத்த டயரைச் சுழலவிட்டு நிறுத்துவதும் கூடுதல் பாரம். கியரும் அதே அளவுக்கு உயர்ந்ததாகிவிடுவதால், இறக்கத்தில் எஞ்சின் தரும் தடுப்பும் குறையும். வேகமானி 40 காட்டும்போது வண்டி 44இல் ஓடும். இவ்வளவும் வண்டியை வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

அலாயைப் பற்றியும் ஒரு சொல். நல்ல அலாய் எடை குறைந்தது, நெடுஞ்சாலைக்கு ஏற்றது. ஆனால் பாறையில் மோதினால் இரும்பு ரிம் நெளியும். சம்மட்டியால் தட்டி வீடுவந்து சேரலாம். அலாய் விரிசல் விட்டால் அது முடியாது. ரிம் வாங்குவோர் போல்ட் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. பழைய ஜீப்புக்கு ஐந்து போல்ட், ஐந்தரை அங்குல வட்டம். அது பொருந்தினாலும், ரிம் வெளிப்பக்கம் அதிகமாகத் தள்ளி நின்றால் பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கேடு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. கடைக்காரர் துடைத்து மெருகேற்றிக் கொடுப்பது புதியதா பழையதா என்பதை அது சொல்லிவிடும்.

தம்பி மனம் மாறினான். மாறியவுடன், “அப்படியென்றால் முன்னால் டிஸ்க் பிரேக் போட்டுவிடுவோம்” என்று மறு கோடிக்கு ஓடினான்! டிஸ்க் மேலானதுதான். தட்டு காற்றில் திறந்து சுழல்வதால் விரைவில் ஆறும். ஓடையைக் கடந்து வந்தால் நீரை உதறிவிடும். டிரம்மைப் போல் உள்ளே தேக்கிக்கொள்ளாது. 2020இல் வந்த புதிய தார் முதலிய வண்டிகளிலும் முன்னே டிஸ்க், பின்னே டிரம் என்பதே அமைப்பு. ஆனால் தட்டை மட்டும் வாங்கி மாட்டிவிட்டால் போதாது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் மீத்து வைக்கும். அதே சிலிண்டர் டிஸ்கில் இருந்தால் பேட் தட்டை உரசிக்கொண்டேயிருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிடி சரிவிகிதமாக இராவிடில், ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். பெடலை இலகுவாக்கும் பூஸ்டரைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. பூஸ்டர் காலின் உழைப்பைக் குறைக்குமேயன்றிச் சூட்டைக் குறைக்காது. டீசல் எஞ்சினுக்கு அதற்கென்று தனி வேக்கம் பம்பும் வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்து, பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே டிஸ்க் மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிட்டே செய்வதென்று முடிவாயிற்று. விண்ணப்பம் கொடுத்திருக்கிறான். பதில் வரட்டும்.

அதுவரை டிரம் பிரேக்கையே முறையாகப் புதுப்பித்தோம். லேத்தில் கடைந்த டிரம், புது லைனிங், சக்கர சிலிண்டர்களுக்குப் புது ரப்பர், புது ஹோஸ், புது ஆயில். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். பட்டறைப் பையன் அந்தத் தூசியை வாயால் ஊதப் போனான். தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு என் மதரஸாவில் ஓதும் வயதுதான் இருக்கும். சக்கரம் பழைய அளவிலேயே, இரும்பு ரிம்மிலேயே. செலவு அலாயின் விலையில் பாதிக்கும் கீழே நின்றது.

ஒட்டகத்தைக் கட்டாமலே இறைவன்மீது பொறுப்பைச் சாட்ட வந்தவருக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். வகுப்பில் அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் கண்முன் வருவது ஒட்டகமன்று. மலைப்பக்கத்து ஓடையில் சாய்ந்து நிற்கும் ஜீப்பும், உருளும் கொய்யாப்பழமும்தான்.

சென்ற மாதம் பயண துஆ ஓதி, சாவடியில் அனுமதி பெற்று, தம்பியோடு மலையேறினேன். ஏறிய கியரிலேயே இறங்கினோம். பெடலை அழுத்திப் பிடித்தபடி வராமல், வளைவுக்கு முன் அழுத்தி, உடனே விட்டு, ஆற விட்டான். கருகல் வாடை வரவில்லை. அருவிக்கு மேலே ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னேன். மண்சுவர் அப்படியே இருந்தது; உரசிய தடம் எப்போதோ செடிகொடியில் மறைந்துவிட்டது. தம்பி இறங்கி, டிரம்மைத் தொடாமல் அருகே உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தான். நான்கு சக்கரத்துக்கும் பார்த்துவிட்டு, இடது முன்சக்கரம் மட்டும் சற்று அதிகமாகச் சுடுகிறது, ஷூவைத் தளர்த்த வேண்டும் என்றான். மறுநாள் லுஹருக்குள் தளர்த்திவிட்டான். ஆயில் மாற்றிய தேதியை வீட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டாண்டில் அதை மறுபடி மாற்ற வேண்டும், இன்ஷா அல்லாஹ்.