ஸ்பரிசமும் சம்மதமும்

யாஸுஸோ மஸுமுரா 1969ல் எடுத்த 'மோஜூ'வில், அதாவது குருட்டு மிருகத்தில், முக்கியமாக மூன்றே பேர்: பார்வையற்ற சிற்பி மிச்சியோ, அவன் தாய், மாடல் அகி. மூலம் எடோகாவா ரான்போவின் நாவல். கண்காட்சியில் தன் சிலையை ஒரு குருடன் தடவுவதைப் பார்க்கும் அகிக்கு, தன் உடலே தீண்டப்பட்டது போல் கூசுகிறது. பிறகு அவளைக் கடத்திவந்து தன் சிற்பக்கூடத்தில் அடைக்கிறான். சுவரெங்கும் கண்கள், மூக்குகள், உதடுகள், முலைகள். நடுவே மலை போல் நிர்வாண உருவங்கள். ஸ்பரிசத்துக்கென்றே ஒரு கலையைப் படைக்கவேண்டும், அதற்கு அவள் உடல் வேண்டும் என்கிறான்.

இதை ஆபாசம் என்று ஒதுக்குவது சுலபம். கலைஞனின் தவம் என்று கொண்டாடுவது அதைவிடச் சுலபம். தப்ப வழியில்லாத அகி, மிச்சியோவின் ஆசையையே ஆயுதமாக்கி அவனைத் தாய்க்கு எதிராகத் திருப்புகிறாள். தாய் சாகிறாள். அந்த வெற்றிதான் அவளுக்கு நிரந்தரச் சிறை. இருட்டில் அவள் பார்வையும் போகிறது. அவன் உலகமே அவளுக்கும் உலகமாகிறது. வலியைக் கேட்டு வாங்குகிறாள். கடைசியில் கைகால்களை வெட்டச் சொல்வதும் அவள்தான்.

அவளே கேட்டாளே என்பார்கள். வங்கியில் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் ஜீவனம். பொருந்தினால் பணம் கொடுத்துவிட வேண்டியதுதான். எந்த அறையில், யார் பக்கத்தில் நின்றபோது போட்ட கையெழுத்து என்பதைக் காகிதம் சொல்லாது. அகியின் சம்மதமும் அப்படியொரு காகிதம். கதவைப் பூட்டியவனிடம் உள்ளே இருப்பவள் சொல்லும் 'சரி', கதவு பூட்டியிருக்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி.

இன்னொரு விஷயம். கதையைச் சொல்வது அகியின் குரல். செத்துப்போனவள் தன் அழிவைத் தானே பரவசமாக வர்ணிக்கிறாள். மிச்சியோ எடுத்துக்கொண்டது அவள் உடலை. படம் எடுத்துக்கொண்டது அவளுடைய 'நான்' என்ற சொல்லை. கலைக்குத் தூண்டுகோலாக இருந்த பெண்களைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி இத்தகைய இரவல் குரல்தான். அவள் பேசுவதாக நினைத்துக் கலைஞன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மஸுமுரா இதை அறியாதவர் அல்ல என்று எனக்குப் படுகிறது. கத்தி இறங்கும்போது திரையில் உதிர்வது சிலையின் கைகால்கள். ஆரம்பத்தில் சிலையைத் தொட்டால் அகிக்குக் கூசியது. முடிவில் அகியை வெட்டினால் சிலை உடைகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் காணாமல் போயிருக்கிறாள்.