ஓஃப் பண்ணினால் மட்டும் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதான உம்மா, வாப்பா இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் தரம் 8 பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடம். இரண்டு டோர்ச் பெற்றரி, ஒரு சின்ன பல்ப், ஒரு சுவிட்ச். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: “சேர், சுவிட்ச பெற்றரிட இந்தப் பக்கம் வெச்சாலும் பல்ப் எரியுது, அந்தப் பக்கம் வெச்சாலும் எரியுது. அப்ப எங்க வெச்சாலும் ஒண்டுதானே?”

“ஓ, ஒண்டுதான். சுற்று எந்த இடத்துல அறுந்தாலும் கரண்ட் போகாது” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அதே கிழமை எங்கள் வீட்டுக் குசினி பல்ப் பழுதாகிவிட்டது. உம்மா சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டு, மர ஸ்டூலில் ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பல்ப்பைக் கழற்றியிருக்கிறார். விரல் ஹோல்டருக்குள் இருந்த பின்னில் பட்டிருக்கிறது. மழைக்கு ஊறிய சுவர். தூக்கி எறிந்த மாதிரி கீழே விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதோடு போனது. வாட்டில் கட்டோடு இருந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “சுவிட்ச ஓஃப் பண்ணிட்டுத்தான் மகன் கை வெச்சேன்.”

அவர் சொன்னது உண்மை. சுவிட்ச் ஓஃப்பில்தான் இருந்தது.

அடுத்த நாள் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தேன். சுவிட்ச் ஓஃப்பில் இருக்கும்போதே ஹோல்டரின் ஒரு பின்னில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. சுவிட்ச் பெட்டியைக் கழற்றிச் சோதித்துவிட்டுச் சொன்னார்: “சேர், இதுல லைவ் வரல்ல. நியூட்ரலத்தான் சுவிட்ச் அறுக்குது.” குசினி பிறகு இழுத்துக் கட்டியது. அப்போது யாரோ வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவர் யார் என்பது இங்கே தேவையில்லை.

விசயம் இதுதான். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் லைவ் வயரில்தான் இருக்கிறது. சுவிட்ச் அந்த லைவை அறுத்தால், ஓஃப் பண்ணியதும் ஹோல்டரில் கரண்ட் இல்லை. நியூட்ரலை அறுத்தாலும் பல்ப் அணையும். ஆனால் லைவ் ஹோல்டர் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கும். நம் கை பட்டால் உடம்பு வழியாக நிலத்துக்கு வழி கிடைத்துவிடும். பல்ப்புக்கு இரண்டும் ஒன்றுதான். கை வைக்கிறவருக்கு ஒன்றில்லை. வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

எங்களுக்கு ஓர் அடையாளமும் கிடைத்திருந்தது. ஓஃப் பண்ணிய பிறகும் அந்த எல்ஈடி பல்ப் இரவில் மங்கலாக மினுங்கும். பிள்ளைகள் ‘ஜின் லைட்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். எல்ஈடி மிகச் சிறிய கசிவுக்கும் ஒளிரக்கூடியது. பழைய குமிழ் பல்ப் என்றால் அது தெரிந்தே இருக்காது. மினுங்கினால் எல்லா நேரமும் இந்தப் பிழைதான் என்று இல்லை. சுவிட்சில் சின்னச் சிவப்பு லைட் இருந்தாலோ, வயர்கள் நீளமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலோ மினுங்கலாம். ஆனாலும் ஒரு தடவை காட்டிப் பார்க்க வேண்டும்.

சுவிட்சைத் தட்டும்போது வரும் ‘டக்’ சத்தத்துக்கும் காரணம் இருக்கிறது. உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள். அவை மெதுவாகப் பிரிந்தால் இடையில் தீப்பொறி பாய்ந்து இரண்டையும் கருக்கிவிடும். சட்டென்று பிரிய வைக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும். இப்படி வேகமாகப் பிரியும் சுவிட்சை 1884இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோன் ஹென்றி ஹோம்ஸ் செய்தார். உங்கள் சுவிட்ச் ‘டக்’ என்று விழாமல் தொய்ந்து கிடந்தால், ‘கிர்’ என்று சத்தம் போட்டால், தொட்டால் சூடாக இருந்தால், கருகிய மணம் வந்தால் உள்ளே தொடுகை தேய்ந்துவிட்டது அல்லது வயர் இளகிவிட்டது என்று அர்த்தம். தட்டித் தட்டிப் பாவிக்க வேண்டாம். மாற்றுங்கள்.

எங்கள் கண்டிப் பக்கத்து வீடுகள் மலைச்சரிவில் கட்டியவை. படிக்கட்டு லைட்டுக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். அதில் சுவிட்ச் மேல்நோக்கி இருக்கிறதா கீழ்நோக்கி இருக்கிறதா என்பதை வைத்து ஓன், ஓஃப் சொல்லவே முடியாது. ஆகவே பல்ப் மாற்றுவதென்றாலும் மெயினை ஓஃப் பண்ணுங்கள். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிட வேலை. பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி யாரும் கை வைக்கக்கூடாது.

பிங்கா ஓயா பெருகி அக்குறணை டவுனுக்குள் தண்ணீர் வருவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். தண்ணீர் ஏறிய வீட்டில், கடையில் சேறு கழுவி முடிந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் அவசரம் வேண்டாம். சுவிட்சுக்குள்ளும் குழாய்க்குள்ளும் ஈரம் நிற்கும். சோதித்த பிறகுதான் மெயின்.

இப்போது வாகனம். ஒரு நாள் காலை என் பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பெற்றரி இறங்கியிருந்தது. பிரேக் லைட் இரவு முழுக்க எரிந்திருக்கிறது. பிரேக் பெடலுக்கு மேலே சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். பெடல் மேலே இருக்கும்போது அதை அழுத்திக்கொண்டிருக்கும், லைட் அணைந்திருக்கும். மிதித்தால் அழுத்தம் விடுபட்டு லைட் எரியும். அழுத்துகிற இடத்தில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டு பொடிந்து விழுந்துவிட்டது. அவ்வளவுதான் பிழை. இதன் மறுபக்கம் பயங்கரமானது: மிதித்தும் லைட் எரியாமல் கடுகண்ணாவை இறக்கத்தில் போனால், பின்னால் வருகிற பஸ்ஸுக்கு நாம் நிற்பது தெரியாது. இரவில் மதிலுக்கு முதுகு காட்டி நிறுத்தி மிதித்துப் பாருங்கள். சுவரில் சிவப்பு விழ வேண்டும்.

பல கார்களில் கதவு திறந்ததும் எரியும் லைட்டின் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தில்தான் இருக்கும். வண்டியின் உடம்பே திரும்பும் வழி. 12 வோல்ட் என்பதால் அங்கே அது பிழையில்லை. என் மாணவன் சொன்னது காருக்குச் சரி, டோர்ச்சுக்குச் சரி. வீட்டுக்குச் சரியில்லை. ஆனால் 12 வோல்ட்தானே என்று எரிந்த ஃபியூசுக்குப் பதிலாக சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றாதீர்கள். ஷொக் அடிக்காது, வண்டி பற்றிக்கொள்ளும்.

எங்கள் வீட்டு வயரை மாற்றிச் சரிசெய்தாயிற்று. இல்லாமல் இருந்த ட்ரிப் சுவிட்சும் போட்டாயிற்று. 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழுந்துவிடும் வகை. மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறேன். விழாவிட்டால் அது வெறும் பெட்டி.

பிறகு வகுப்பில் நடந்ததைச் சொல்லி, என் பதிலைத் திருத்தினேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: “அப்ப எங்கட வீட்ட எந்தப் பக்கம் சேர்?”

எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் எனக்குத் தெரியாது. சான்றிதழ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு இதை ஒருக்கா கேளுங்கள். உம்மாவுக்காக துஆ செய்யுங்கள்.