திண்ணைச் சங்கம்

வயதானவர்கள் நாலு பேர் கூடிச் சங்கம் வைத்தால் அதில் என்ன நடக்கும் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. முதலில் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் அகவிலைப்படி. அதற்கப்புறம், "அந்தக் காலத்திலே..." என்று ஒருவர் ஆரம்பிப்பார், மற்ற மூவரும் அவரை முடிக்க விடமாட்டார்கள். ஆறரை மணிக்குக் கொசு வந்ததும் சபை கலைந்துவிடும்.

என் தகப்பனார் அங்கம் வகித்த சங்கமும் பல வருஷங்கள் அப்படித்தான் இருந்தது. காவிரிக் கரையில் எங்கள் ஊர். ஊரின் பெயர் இந்தக் கதைக்கு அவசியமில்லை. அப்பா அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர், எதிர்ச்சாரித் தபால்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர் - இவர்கள்தாம் சங்கம். ஹெட்மாஸ்டர் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். தெருவில் கடைசியாக மிஞ்சியிருந்த திண்ணையும் அதுதான்.

அவர்களுக்கு ஒரு பண்டிகை உண்டு. எந்தப் பஞ்சாங்கத்திலும் அதைப் பார்க்க முடியாது. டிசம்பர் 17-ஆம் தேதி. அன்று வடையும் காப்பியும் உண்டு. 1982-ஆம் வருஷம் அந்தத் தேதியில்தான் நகரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. நகரா என்பவர் பாதுகாப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்து 1972-இல் ஓய்வு பெற்றவர். 1979-இல் சர்க்கார் பென்ஷன் கணக்கைத் தாராளமாக்கியது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 31-க்கும் அதற்குப் பிறகும் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் அந்த லாபம் என்றது. முதல் நாள் வீட்டுக்குப் போனவனுக்கு ஒரு நியாயம், மறுநாள் போனவனுக்கு ஒரு நியாயமா என்று அந்தக் கிழவர் கேட்டார். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்து, அந்தத் தேதிக் கோடு செல்லாது என்றார்கள். அதோடு, பென்ஷன் என்பது யாரோ இரங்கிக் கொடுக்கிற தானமல்ல, உழைத்தவனின் உரிமை என்றும் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இந்த வழக்கு மனப்பாடம். ராமாயணத்தில் சுந்தர காண்டம் சொல்லுவது போல் சொல்லுவார்.

2017-ஆம் வருஷத்து டிசம்பர் 17 அன்று வடை சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது கீரைக்காரம்மாள் அந்தப் பக்கம் வந்தாள். முப்பது வருஷமாக எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வந்தவள். முழங்கால் மடங்காமற் போய், கூடையைத் தூக்க முடியாமல், நாலைந்து கட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

"ஐயா, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"பென்ஷன் பண்டிகை அம்மா" என்றார் கார்டு, வேடிக்கையாக.

அவள் சிரிக்கவில்லை. மடியிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துத் திண்ணையில் வைத்தாள். முதியோர் உதவித் தொகைக்கு மனுப் போட்டிருக்கிறாள். அது நிராகரிக்கப்பட்டிருக்கிறது. ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரணத்தை உரக்கப் படித்தார்: "மகன் உள்ளார். ஆதரவற்றவர் அல்லர்."

"தமிழிலே தப்பு ஒண்ணும் இல்லை" என்றாராம். அப்புறம் வெகு நேரம் யாரும் பேசவில்லை என்று அப்பா எனக்குச் சொன்னார். வடை ஆறிப் போயிற்று.

சென்னை ராஜ்யம் என்ற பெயர் இருந்த காலத்தில், காமராஜ் முதல் மந்திரியாக இருந்தபோது, 1962-ஆம் வருஷம் ஏப்ரலில் இந்த உதவித் தொகை ஆரம்பமாயிற்று. மாதம் 20 ரூபாய். தேசம் முழுவதற்குமாக மத்திய சர்க்கார் ஒரு திட்டம் கொண்டு வர 1995 வரை ஆயிற்று. அதில் கொடுத்தது 75 ரூபாய். நம் மாகாணத்தில் இந்தத் தொகை 2011-இல் 1000 ரூபாயாயிற்று. பெரிய வீட்டில் ஒரு வேளை ஹோட்டலுக்குப் போனால் ஆகிற செலவு. கீரைக்காரம்மாளுக்கு அது ஒரு மாசத்து அரிசியும் முழங்கால் மாத்திரையும்.

ஆனால் அந்தத் தொகைக்கு ஒரு வாசற்படி இருக்கிறது. அதன் பெயர் "ஆதரவற்றவர்". அந்தச் சொல்லுக்குள் நுழைந்தால்தான் பணம்.

"என் பென்ஷன் உரிமை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. நான் நாற்காலியிலே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவன். இவள் முப்பது வருஷம் தலையிலே சுமந்தாள். இவளுக்குக் கொடுக்கிறது மாத்திரம் எப்படிடா பிச்சையாகும்?" என்று அப்பா டெலிபோனில் என்னைக் கேட்டார். நானா சட்டம் செய்தவன்? "நியாயந்தான் அப்பா" என்று சொல்லிவிட்டு, எழுத வேண்டிய தொடர்கதையின் அத்தியாயத்துக்குத் திரும்பினேன்.

அதற்கப்புறம் சங்கத்துக்குத் திங்கட்கிழமை ஒரு வேலை நாளாகிவிட்டது. திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். காலை ஏழு மணி பஸ்ஸில் நால்வரும் புறப்படுவார்கள். கீரைக்காரம்மாளையும் அழைத்துப் போவார்கள். தபால்காரர் மனு நகல்களை ஒரு பழைய தபால் பையில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஹெட்மாஸ்டர் எழுதுவார். அப்பா, குமாஸ்தா அல்லவா, எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குக் காகிதம் போகும், எங்கே தூங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எழுபத்தைந்து வயசு மனுஷர் வெயிலில் வரிசையில் நிற்பதாவது! உள்ளூர, ஒரு எழுத்தாளனின் தகப்பனார் மனுவும் கையுமாக நிற்கிறாரே என்ற வெட்கமும் இருந்தது. அதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

2018 மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு திங்கட்கிழமை அவர்களோடு நானும் போனேன். வரிசை வாசலைத் தாண்டி மரத்தடி வரை நீண்டிருந்தது. பாதிக்கு மேல் கிழவர்கள், கிழவிகள். ஒரு கிழவி வரிசையில் தன் இடத்துக்குச் செருப்பை வைத்துவிட்டுச் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். எங்கள் கார்டு நேரே காவலுக்கு நின்றவரிடம் போய், வண்டி புறப்படக் கொடி காட்டுகிற தோரணையில் கையை உயர்த்தி, "உள்ளே இருபது பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. அவற்றை இங்கே போட யார் உத்தரவு வேண்டும்? சொல்லுங்கள், அவருக்கே ஒரு மனுக் கொடுக்கிறோம்" என்றார். அரை மணியில் பெஞ்சுகள் வந்தன. ஒரு தண்ணீர்ப் பானையும் வந்தது. அடுத்த திங்களும் அவை அங்கேயே இருந்தன என்று கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு எங்களை விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். இளம் வயது. "பாட்டி, உங்கள் பிள்ளை உங்களுக்குச் சோறு போடவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

கீரைக்காரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அதை மட்டும் என் வாயாலே சொல்லமாட்டேன், சாமி."

"இல்லையென்றால் 2007-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் பிள்ளை மேல் மனுப் போடலாம். வக்கீல்கூட வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சத்துக்கு உத்தரவு போட அதிலே இடமிருக்கிறது."

"என் பிள்ளை மேலேயா?" என்றாள் அவள். அவ்வளவுதான். காகிதத்தை எடுத்து எட்டாக மடித்து மடியில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் சொன்னேன்: "ஒரு வரி பொய் எழுதினால் என்ன? காரியம் ஆகிறதல்லவா?"

தபால்காரர்தான் பதில் சொன்னார். "தம்பி, சட்டத்துக்கு ரெண்டு வாசல் வெச்சிருக்காங்க. ஒண்ணிலே நுழையணும்னா பிள்ளையை இல்லாதவனா ஆக்கணும். இன்னொண்ணிலே நுழையணும்னா குத்தவாளியா ஆக்கணும். தாயா இருக்கறவ எந்த வாசல்லே நுழைவா?"

அவர் படித்தது எட்டாவது. நாற்பது வருஷம் பிறருடைய கடிதங்களைச் சுமந்தவர்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் மாகி குன் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். 1970-இல், அறுபத்தைந்து வயசாயிற்று என்று அவரை மாதாகோவில் சம்பந்தமான உத்தியோகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியனுப்பு விழாவில் ஒரு தையல் மெஷினைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். தம்மைப் போல் ஓய்வு பெற்ற சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு "கிரே பாந்தர்ஸ்" என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். சாம்பல் நிறச் சிறுத்தைகள் என்று அர்த்தம். வயசைக் காட்டிக் கட்டாயமாக வேலையை விட்டு அனுப்புவதைப் பெரும்பாலான உத்தியோகங்களில் 1986-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழித்தது. அதற்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பும் இருந்தது. தம் வீட்டில் இளைஞர்களையும் உடன் தங்க வைத்துக்கொண்டு வாழ்ந்து, 1995-இல் எண்பத்தொன்பதாவது வயசில் காலமானார்.

அப்பா சிரத்தையாகக் கேட்டார். "அந்த அம்மாள் தனக்காக மட்டும் சண்டை போட்டாளா?" என்றார்.

"இல்லை. வியட்நாம் யுத்தம் கூடாதென்றும் சொன்னார்."

"அப்போ சரி" என்றார். சற்று நேரம் கழித்து, "நாங்கள் பத்து வருஷம் எங்கள் அகவிலைப்படிக்கு மாத்திரமே மனு எழுதிக் கொண்டிருந்தோம்" என்றார்.

மறுநாள் அவர்கள் கீரைக்காரம்மாளின் மகனைப் பார்க்கப் போனார்கள். நானும் கூடப் போனேன். நாலு கிழவர்கள் சேர்ந்து ஒருவனைத் திட்டப் போகிறார்கள் என்று எனக்குப் பயம். அவன் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். முதுகில் அடிபட்டு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலைக்குப் போகிறான். இரண்டு பெண் குழந்தைகள் வாசலில் ஸ்லேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எங்களைக் கண்டதும் அவன் எழுந்திருக்க முயன்றான். முடியவில்லை.

அப்பா தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவன் தலை குனிந்திருந்தான். "அம்மாவைக் காப்பாத்த என்னாலே முடியலேன்னு நானே எழுதித் தரணுமா, ஐயா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு ஹெட்மாஸ்டரிடமும் பதில் இல்லை.

"நீ இப்போ அம்மாவுக்கு என்ன செய்கிறாய்?" என்று அப்பா கேட்டார்.

"ராத்திரிச் சாப்பாடு எங்க வீட்டிலேதான், ஐயா. என்ன இருக்கோ அது."

அப்பா காகிதத்தை வாங்கித் தாமே எழுதினார். "என் தாயாருக்கு இரவுச் சாப்பாடு நான் போடுகிறேன். பகல் சாப்பாட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும் எனக்குச் சக்தியில்லை." படித்துக் காட்டினார். அவன் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். முதல் வரி இருந்ததால்தான் இரண்டாவது வரிக்கு அவன் கை வந்தது என்று எனக்குத் தோன்றியது.

வீடு திரும்புகையில் எனக்குத் தெம்பாக இருந்தது. "நல்ல வேளை, நம் வீட்டில் இந்தப் பிரச்னை இல்லை" என்றேன்.

அப்பா நின்றார். "எனக்குப் பென்ஷன் வருகிறது. அதனாலேதான் நீ நல்ல பிள்ளையாக இருக்கிறாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அகவிலைப்படி எத்தனை சதவிகிதம் என்று சொல்லுகிற குரலில் சொன்னார். "அது வராமல் இருந்து, உன் கதைகளும் விலை போகாமல் இருந்தால், நீயும் இவனைப் போல ஒரு வரி எழுதித் தர வேண்டி வரும். அப்போது உன்னைக் கெட்ட பிள்ளை என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்."

என்னுடைய கதைகளில் எத்தனையோ பிள்ளைகள் தாய் தகப்பனைக் கைவிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் கடைசி அத்தியாயத்தில் தண்டனை கொடுத்திருக்கிறேன். அவர்களில் எவனாவது எத்தனை மூட்டை தூக்கினான், அவன் முதுகு எப்படி இருந்தது என்று நான் கணக்குப் பார்த்ததில்லை.

அந்தக் காகிதம் எந்த நமூனாவிலும் அடங்கவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. நேரில் வந்து விசாரிக்கட்டும் என்று சங்கம் மறுபடியும் எழுதிற்று. கடைசியில் ஒருவர் வந்தார். குடிசையையும் பார்த்தார், மகன் முதுகையும் பார்த்தார். ஆறு மாதம் கழித்து உத்தரவு வந்தது.

அந்த வருஷத்து டிசம்பர் 17-க்கு நான் வேண்டுமென்றே ஊருக்குப் போயிருந்தேன். கீரை வடை. கீரை அவள் கொடுத்தது. காசு வாங்க மறுத்துவிட்டாள். வடையை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் பேசப் போகிறாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ தெருக்கோடியைப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவளை விட வயசான ஒருத்தி, தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தாள்.

"இவளுக்கும் அதே எழுத்துத்தான் எழுதியிருக்காங்களாம், ஐயா" என்றாள் கீரைக்காரம்மாள்.

வந்தவள் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். தபால்காரர் பையைத் திறந்தார். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அப்பா, திண்ணையில் சற்று நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டார்.